பதினேழு வயதுக் கர்ப்பிணியின் மனச்சோர்வு எங்கே தொடங்குகிறது?

பதினேழு வயதில் கர்ப்பமான ஒரு பெண் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தால், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. "பண்ணின வேலைக்கு அப்படித்தான் இருப்பா" என்பார்கள் வீட்டில். "சின்ன வயசு, பயந்துபோயிருக்கா" என்பார்கள் ஆஸ்பத்திரியில். முன்னது வசை, பின்னது கரிசனம். இரண்டும் கைகாட்டுவது ஒரே இடத்தை: கர்ப்பம் வந்தது, அதனால் மனம் ஒடிந்தது. ஆனால் பல பெண்களின் விஷயத்தில் ஆராய்ச்சிகள் காட்டும் வரிசை வேறு. முதலில் வருவது சிறுவயதுக் காயம். கர்ப்பமும் மனச்சோர்வும் பல ஆண்டுகள் கழித்து அந்தக் காயத்தின் வழியே வந்து சேர்கின்றன.

இந்த வரிசை கண்ணில் பட்டது தற்செயலாகத்தான். 1980களில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் பருமனுக்கான சிகிச்சைப் பிரிவு ஒன்றை நடத்தினார். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். விசாரித்தால், அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். பருத்த உடல் அவர்களுக்கு ஒரு காப்பாக இருந்திருக்கிறது. பிறகு அவரும் ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவ ஆய்வாளரும் சேர்ந்து 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் எளிய கேள்விகள் சிலவற்றைக் கேட்டார்கள். பதினெட்டு வயதுக்கு முன் வீட்டில் அடி வாங்கியதுண்டா? கேவலப்படுத்தினார்களா? யாராவது தகாத முறையில் தொட்டார்களா? அம்மாவை யாரும் அடித்தார்களா? வீட்டில் குடிப்பவர், மனநோயாளி, சிறைக்குப் போனவர் உண்டா? 1998இல் முதல் முடிவுகள் வெளிவந்தன. நான்கு வகை அல்லது அதற்கு மேற்பட்ட பாதகங்களைச் சந்தித்தவர்களுக்குக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தது.

அந்த ஆய்வில் பங்கேற்ற 9,159 பெண்களின் பதில்களைத் தனியே எடுத்துப் பார்த்த கட்டுரை 2004இல் வந்தது. சிறுவயதுப் பாதகம் எதுவும் இல்லாத பெண்களில் 16 சதவீதம் பேர் பதின்வயதில் கர்ப்பமாகியிருந்தார்கள். ஒரு வகைப் பாதகம் இருந்தவர்களில் 21 சதவீதம், நான்கு வகை என்றால் 32, ஏழெட்டு வகை என்றால் 53. படிக்கட்டு மாதிரி ஏறுகிறது. ஆனால் என்னைக் கேட்டால், அந்தக் கட்டுரையில் கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்து வருகிறது. பதின்வயதில் கர்ப்பமான பெண்கள் பிற்காலத்தில் குடும்பச் சிக்கல், பணக்கஷ்டம், வேலையில் தொல்லை, அடக்க முடியாத கோபம் என்று அவதிப்படுவார்கள் என்பது பொது நம்பிக்கை. பாதகம் ஏதுமின்றி வளர்ந்து, பதின்வயதில் கர்ப்பமான பெண்களுக்கு அந்த அவதிகள் மற்றவர்களைவிட அதிகமாக இல்லை. கர்ப்பத்தின் தலையில் நாம் ஏற்றி வைத்த பழியில் பெரும்பங்கு குழந்தைப் பருவத்துடையது.

இந்தக் கணக்கை வைத்து ஒருத்திக்கு ஜாதகம் கணிக்கக் கூடாது. தனி மனிதர்களுக்கு மதிப்பெண் போட்டு அவர்கள் எதிர்காலத்தைச் சொல்ல இந்த முறை உதவாது என்று ஆண்டாவே 2020இல் எச்சரித்து எழுதினார். ஆய்வில் பங்கேற்றவர்களும் பெரும்பாலும் காப்பீடு உள்ள நடுத்தர வர்க்கத்து வெள்ளையர்கள். வறுமை, தெருச்சண்டை, ஊரே இடம்பெயர்வது போன்றவை அந்தக் கேள்விகளில் இல்லை. ஃபிலடெல்ஃபியா நகரில் பின்னர் நடந்த ஓர் ஆய்வு, அக்கம்பக்கத்து வன்முறையையும் பாகுபாட்டையும் சேர்த்துக்கொண்டது. வடசென்னையின் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் கேட்பதென்றால் இன்னும் சிலவற்றைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

2008இல் பிறந்தவளின் நாட்காட்டி

அந்தப் பகுதியின் எர்ணாவூரில் 2008இல் பிறந்த ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். எந்த ஒருத்தியின் கதையும் இல்லை இது. ஊருக்கு நடந்ததை ஒருத்தியின் வயதோடு சேர்த்துப் பார்க்கும் முயற்சி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் வடசென்னைக் கரையோரத்தில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் முதலில் திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகைகளிலும், பிறகு எர்ணாவூர் சுனாமி குடியிருப்பிலும் தங்க வைக்கப்பட்டன. கடலைவிட்டுத் தள்ளிப்போனதில் தொழிலும் தள்ளிப்போனது. அங்கே கடனுக்காகப் பெண்கள் சிறுநீரகத்தை விற்றது 2007 ஜனவரியில் வெளியே தெரிந்தது. நம் பெண் பிறந்தது அந்தக் காலத்தை ஒட்டி.

அவளுக்கு ஏழு வயதில் 2015 டிசம்பர் வெள்ளம். எட்டு வயது கடந்தபோது, 2017 ஜனவரியில், எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. நல்ல மீனையும் வாங்க ஆளில்லாமல் போனது. பன்னிரண்டு வயதில் ஊரடங்கு. 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளி, அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போக வேண்டிய 2021 செப்டம்பரில்தான் திறந்தது. பதினைந்து வயதில், டிசம்பரில், மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெயும் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் இறங்கி வீட்டுச் சுவரிலும் படகிலும் ஒட்டியது. அதே மாதம் 26ஆம் தேதி, சுனாமி வந்த அதே தேதியில், நள்ளிரவுக்குச் சற்று முன் பெரியகுப்பத்தில் உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக ஜனம் தெருவில் ஓடியது. 2025இல் அவளுக்குப் பதினேழு.

பேரிடர் மட்டுமே ஒரு குழந்தையின் மனதை உடைத்துவிடுவதில்லை. வெள்ளம் வந்த இரவில் அம்மாவின் இடுப்பில் பத்திரமாக இருந்த குழந்தை பெரும்பாலும் தேறிவிடும். சேதம் நடப்பது வெள்ளம் வடிந்த பின், வீட்டுக்குள். மீன்பாடு குறைந்த அப்பன் கடலுக்குப் போகிற நாளைவிட டாஸ்மாக்குக்குப் போகிற நாள் கூடுகிறது. அம்மா காசிமேட்டு மீன் ஏலத்துக்கு விடியுமுன் கிளம்பிவிடுகிறாள். கிளம்பாவிட்டால் அடுப்பு எரியாது. ஒரே அறை வீட்டில் தம்பி, பாப்பா, சில நாள் வந்து தங்கும் உறவுக்காரன். மூத்த பெண்ணுக்கு ஒன்பது வயதிலேயே குடும்பப் பொறுப்பு. அடி, வசை, கவனிப்பாரின்மை, தொடுகை எல்லாம் இந்த இடுக்கில்தான் நுழைகின்றன.

அதற்காக இதை வடசென்னைக்கே உரிய நோயாகப் பார்க்க வேண்டாம். சினிமா போட்ட முத்திரையே அந்த ஊருக்குப் போதும். குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைக்கு எதிராக இயங்கும் சென்னையின் துளிர் அமைப்பு, 2006இல் நகரத்துப் பள்ளிக் குழந்தைகள் 2,211 பேரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டது. ஏதோ ஒரு வகையில் பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 42 சதவீதம். பெண் பிள்ளைகளில் 39, ஆண் பிள்ளைகளில் 48. ஆண் பிள்ளைகளின் விகிதம் கூடியிருப்பதை இன்றும் பலர் நம்ப மறுக்கிறார்கள். துறைமுகப் பக்கத்துப் பிள்ளைக்கு வேறுபடுவது, நடந்ததைப் போய்ச் சொல்ல ஆள் கிடைப்பதும், நடந்த இடத்திலிருந்து விலகிப்போக வழி கிடைப்பதும்தான்.

உடம்பில் என்ன நடக்கிறது

ஆபத்து வந்தால் மூளை உடம்புக்குத் தந்தி அடிக்கும். அட்ரினல் சுரப்பி கார்டிசாலை விடும். நெஞ்சு வேகமாக அடிக்கும், தசை முறுக்கும், ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகும். ஆபத்து நீங்கியதும் எல்லாம் அடங்க வேண்டும். இரவு எந்நேரத்தில் அப்பன் கதவை உதைப்பான் என்று தெரியாத வீட்டில் வளரும் பிள்ளைக்கு அது அடங்குவதில்லை. கடல் அமைதியாகிப் பல நாளாகியும் துறைமுகத்தில் பத்தாம் எண் புயல் கூண்டை இறக்காமலே வைத்திருப்பது போன்ற நிலை. வளரும் மூளை அதையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது. அச்சத்தைக் கவனிக்கும் பகுதி எப்போதும் விழிப்போடு இருக்கிறது; யோசித்து நிதானிக்கும் பகுதியின் கை தளர்கிறது. சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடும். இல்லாவிட்டால் எதுவுமே உறைக்காத மரத்த நிலை.

கர்ப்பம் இதே அமைப்பின் மேல்தான் வந்து உட்காருகிறது. கர்ப்பக் காலத்தில் கார்டிசால் எல்லோருக்கும் இயல்பாகவே ஏறும். பதினேழு வயது உடம்பு தானே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கும் இரும்புச்சத்து வேண்டும், வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏற்கெனவே ரத்தசோகை. ரத்தசோகையும் அசதி தரும், மனச்சோர்வும் அசதி தரும், கர்ப்பமும் அசதி தரும். மூன்றும் சேர்ந்து வரும்போது மருந்து கிடைப்பது முதலாவதுக்கு மட்டும்.

மனச்சோர்வைக் கவனிக்காமல் விட்டால் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் கூடுதலாக நேர்வதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. இதை அந்தப் பெண்ணிடம் சொல்லிப் பயமுறுத்துவதில் பயனில்லை. "நீ அழுதா புள்ளைக்கு ஆகாது" என்று வீட்டில் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருப்பார்கள். அழுகைக்கு மேல் குற்ற உணர்வையும் சுமத்துவதுதான் அதன் பலன்.

காயத்திலிருந்து கர்ப்பத்துக்கு

ஒழுக்கம் கெட்டுப்போய்விட்டாள் என்பது ஊரின் விளக்கம். உள்ளபடி பாதைகள் பல. சில சமயம் கர்ப்பமே அந்தக் கொடுமையின் விளைவு; வீட்டுக்குள்ளேயே குற்றவாளி இருப்பான். சில சமயம், வீடு இருந்த இருப்பில் அங்கிருந்து வெளியேறக் கிடைத்த ஒரே கதவு காதலாக இருக்கும். கண்டெய்னர் லாரியில் கிளீனராக இருக்கும் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் "சாப்ட்டியா?" என்று தினமும் கேட்கிறான். வேறு யாரும் கேட்டதில்லை. கோயிலில் தாலி கட்டிக்கொள்கிறார்கள். இன்னொரு பாதையில் அம்மாவே அவசரப்படுகிறாள்: காலனியில் கண்ட பயலும் பார்க்கிறான், ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் நிம்மதி என்று. சிறுவயதில் தன் உடம்பின் மேல் தனக்கு உரிமை இல்லை என்று கற்றுக்கொண்ட பெண்ணுக்கு, வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் போவதும் உண்டு.

தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21இல் தமிழ்நாட்டைப் பற்றி இரண்டு எண்களைத் தந்தது. 20-24 வயதுப் பெண்களில் பதினெட்டுக்கு முன் மணமானவர்கள் முந்தைய சுற்றின் 16.3 சதவீதத்திலிருந்து 12.8ஆகக் குறைந்திருந்தார்கள். 15-19 வயதில் தாயாகிவிட்டவர்களும் கர்ப்பமாக இருந்தவர்களும் 5.0 சதவீதத்திலிருந்து 6.3ஆகக் கூடியிருந்தார்கள். முதல் எண் கொஞ்சம் பழைய காலத்தைப் பேசுகிறது, இரண்டாவது கேட்ட நாளின் நிலையை. மாநிலம் முன்னேறுகிறது என்று மேடையில் சொல்பவர்கள் முதல் எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

எப்படிக் கண்டுகொள்வது

"எனக்கு டிப்ரெஷன்" என்று இந்தப் பெண்கள் சொல்ல மாட்டார்கள். "ஒரு மாதிரியா கீது", "நெஞ்சு படபடங்குது", "தூக்கமே வரல", "எதுவும் புடிக்கல". மசக்கை என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுவார்கள், அல்லது காத்துகருப்பு என்று வேப்பிலை அடிக்க அழைத்துப்போவார்கள். மசக்கை பெரும்பாலும் நான்காம் மாதத்துக்குப் பிறகு தணியும். நடுவில் நல்ல நாளும் வரும், பிடித்த பாட்டைப் போட்டால் முகம் மலரும். மனச்சோர்வில் நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய எல்லா நாளும், இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே கிடக்கும். முன்பு பிடித்திருந்தது எதுவும் பிடிக்காது. தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் விடாது. பதின்வயதில் சோகத்தைவிட எரிச்சலாக வெளிப்படுவதும் சகஜம். எதற்கெடுத்தாலும் சண்டை, ராத்திரி முழுக்க போன், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவது. திமிர் என்று பெயர் வாங்கிக்கொடுக்கும் மனச்சோர்வு இது.

சிறுவயதுக் காயம் இருந்தால் வேறு சில தடயங்களும் தெரியலாம். உள்பரிசோதனை என்றதும் உடம்பு விறைத்துப்போகும், அல்லது அந்தத் தேதிக்கு வராமலே இருந்துவிடுவாள். ஆள் பின்னால் வந்து நின்றால் திடுக்கிடுவாள். கெட்ட கனவு. பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால் வேறு யாருடைய பிள்ளையையோ பற்றிக் கேட்டது போன்ற முகம்.

கணக்காகப் பார்க்கவும் வழி உண்டு. பிரசவத்தை ஒட்டிய மனச்சோர்வுக்கென 1987இல் வந்த எடின்பரோ கேள்வித்தாளில் பத்தே கேள்விகள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அதைத் தமிழில் சோதித்து, நம்ம ஊர்ப் பெண்களுக்குப் பொருந்துவதைக் காட்டியிருக்கிறார்கள். அதே மருத்துவமனையின் குழு 2002இல் வெளியிட்ட கணியம்பாடி ஆய்வில், பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். வருமானக் குறைவு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிள்ளை, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கைவேலைக்கு உதவ ஆளில்லாமை ஆகியவை அதோடு சேர்ந்து வந்தன. அது எல்லா வயதுப் பெண்களின் கணக்கு. பிரேசிலின் தென்கோடியிலுள்ள பெலோட்டாஸ் நகரில் 800க்கும் மேற்பட்ட பதின்வயதுக் கர்ப்பிணிகளைப் பார்த்தபோது, ஏறக்குறைய ஆறில் ஒருத்திக்குக் கடும் மனச்சோர்வு. முன்பே ஒரு முறை மனச்சோர்வு வந்திருந்தவர்களிடமும், ஆதரவாக ஆளில்லாதவர்களிடமும் அது கூடுதல். கர்ப்பத்துக்கு முந்தைய கதையைக் கேட்க வேண்டியதன் அவசியம் அங்கேயும் தெரிகிறது.

ஆஸ்பத்திரியில் கேட்கும் கேள்வி

ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். என்று எல்லோரும் சொல்லும் அரசு ராஜா சர் இராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனை 1880இல் தொடங்கியது. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பிறந்த இடம் அது. அங்கே போனாலும், பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், பதினேழு வயதுப் பெண்ணிடம் முதலில் கேட்க வேண்டியிருப்பது வயது. ஆதாரில் பதினெட்டு நிறையவில்லை என்றால் அடுத்து வருவது போலீஸ்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் காதல், கட்டாயம், கல்யாணம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. தண்டனைச் சட்டத்தில் கணவனுக்கு இருந்த விலக்கையும் 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது. போக்சோவின் 19ஆம் பிரிவின்படி, விஷயம் தெரியவந்த மருத்துவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை. மாமனோ சித்தப்பனோ செய்த கொடுமைக்குப் பின்னால் வரும் கர்ப்பங்களில் இந்தச் சட்டம்தான் அந்தப் பெண்ணுக்குத் துணை. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தாலி கட்டியவன் புழல் சிறைக்குப் போய்விடுவான் என்று பயந்த பெண் ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம் வரை ஆஸ்பத்திரிப் பக்கமே வருவதில்லை. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. வந்தாலும் வயதைக் கூட்டிச் சொல்வாள். பொய்யில் தொடங்கிய பேச்சில் சிறுவயதில் நடந்ததைச் சொல்ல எப்படி வாய் திறக்கும்?

நீதிமன்றங்களுக்கு இது தெரியாமல் இல்லை. கர்ப்பத்தைக் கலைக்க வரும் சிறுமியின் விஷயத்தில், அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் மருத்துவர் அவள் பெயரையும் அடையாளத்தையும் குறிப்பிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 திருத்தத்துக்குப் பின் சிறுமிகளுக்கு 24 வாரம் வரை, இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு, கருக்கலைப்பு செய்ய இடமுண்டு. மேற்கு வங்கத்துப் போக்சோ வழக்கு ஒன்றில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் குற்றவாளிக்குத் தண்டனை விதிக்காமல் விட்டது. அவன் செய்ததைவிட அதற்குப் பின் வந்த காவல் நிலையமும் நீதிமன்றமும் அவனைக் காப்பாற்ற அலைந்த அலைச்சலும்தான் அந்தப் பெண்ணை அதிகம் வதைத்தன என்று நீதிமன்றமே அமைத்த குழு கண்டிருந்தது.

வயதும் ஆளும் தெரிந்த பின், கேள்விகள் நின்றுவிடுகின்றன. எடை, பிரஷர், ஹீமோகுளோபின், ஸ்கேன் என்று அட்டை நிரம்பும். மனம் எப்படி இருக்கிறது என்று கேட்க இரண்டு நிமிடம் போதும். "போன ரெண்டு வாரமா எதுலயாவது ஆர்வமோ சந்தோஷமோ இல்லாம இருந்துச்சா கண்ணு? மனசு ரொம்ப சோர்ந்து, இனிமே ஒண்ணும் இல்லன்னு தோணுச்சா?" உலகம் முழுக்கப் பயன்படும் இரண்டு கேள்விகளின் சாரம் இதுதான். ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் மேற்கொண்டு பேச வேண்டும். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்பதையும் நேராகவே கேட்கலாம்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

கேட்கும்போது மாமியாரும் கணவனும் பக்கத்தில் நிற்கக் கூடாது. சிறுவயதுக் கதையைத் தோண்டித் துருவவும் தேவையில்லை. "வீட்ல உன்னைப் பயமுறுத்துறவங்க யாராவது இருக்காங்களா, இப்பவோ முன்னாடியோ?" என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தால் போதும். அவள் இன்று நுழையாவிட்டால் அடுத்த முறை நுழைவாள். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: அவள் சொல்வதில் எதை ரகசியமாக வைக்க முடியும், எதைச் சட்டப்படி தெரிவித்தாக வேண்டும் என்பது. நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பிறகு போலீசை வரவழைப்பது, அவள் வாழ்க்கையில் ஏற்கெனவே பலர் செய்த துரோகத்தின் மறுபதிப்பாகிவிடும்.

என்ன செய்ய முடியும்

மனநலம் என்றதும் வடசென்னையில் வரும் முதல் பதில் "கீழ்ப்பாக்கத்துல சேத்துருவாங்களா?" 1794இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனையின் நிழல் அவ்வளவு நீளம். பெரும்பாலான பெண்களுக்கு அங்கே போக வேண்டிய தேவையே வராது. ஸ்டான்லியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே, கட்டணமில்லாமல், எந்த நேரமும் பேசலாம். வீட்டில் கொடுமை நடந்தால் 1098.

மிதமான மனச்சோர்வுக்கு முதல் மருந்து பேச்சுதான். அதற்குப் பெரிய டாக்டர் வேண்டும் என்பதும் இல்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமப்புறத்தில் அதிஃப் ரஹ்மான் என்ற மனநல மருத்துவரின் குழு, பள்ளிப்படிப்பு முடித்த சாதாரண சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி தந்தது. மனச்சோர்விலிருந்த 903 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2008இல் வந்தது. பயிற்சி பெற்றவர்கள் வீடு தேடிப்போய்ப் பேசிய பெண்களில், குழந்தைக்கு ஆறு மாதமானபோது 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு எஞ்சியிருந்தது. மற்றவர்களில் 53 சதவீதம். பேசியது என்ன? உன் உடம்பு, உன் பிள்ளை, உன்னைச் சுற்றியிருப்பவர்கள் என்ற மூன்றைப் பற்றி. "எல்லாம் என் தலைவிதி" என்ற எண்ணம் வரும்போது அதைப் பிடித்து நிறுத்தி, இன்று செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்றை முடிவு செய்வது. பிறகு இதே முறையை உலக சுகாதார நிறுவனமும் எடுத்துக்கொண்டது. கோவாவில் அக்கம்பக்கத்துத் தாய்மார்களை வைத்தே நடத்திப் பார்த்தார்கள். வீடு வீடாகப் போகும் நகர்ப்புற சுகாதாரச் செவிலியரும் பால்வாடி டீச்சரும் எர்ணாவூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் பதிவேடுகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் இதற்கு நேரம் கிடைக்கும்.

கடுமையான நிலையில் மாத்திரை தேவைப்படும். கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மனச்சோர்வு மருந்துகள் உண்டு. மருத்துவர் பார்த்துத் தருவார். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால், கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து தானாக நிறுத்தக் கூடாது.

பிரசவ அறை தனிக் கவலை. சிறுவயதில் கொடுமைப்பட்டவளுக்கு வலி, வெளிச்சம், அந்நியர் கை, அதட்டல் எல்லாம் ஒன்றாக வரும் அந்த நேரம் பழைய நாளையே திரும்பக் கொண்டுவந்துவிடலாம். உள்பரிசோதனைக்கு முன் இன்னது செய்யப்போகிறேன் என்று சொல்லி, சரியா என்று கேட்டு, "நிறுத்துங்க" என்றால் நிறுத்துவது செலவில்லாத சிகிச்சை. அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் பெண் துணை ஒருவர் உடனிருக்கத் தமிழ்நாடு 2004லேயே வழி செய்தது. அந்தத் துணை யார் என்பதை அவளே சொல்லட்டும். அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆயாவோ எதிர்வீட்டு அக்காவோ இருக்கலாம்.

பணத்திலும் இவளுக்கு ஓட்டை விழுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான 18,000 ரூபாய் மகப்பேறு உதவிக்கு வயது 19 நிறைந்திருக்க வேண்டும். குழந்தை மணத்துக்கு எதிராகப் போராடியவர் முத்துலட்சுமி. சிறுவயதுத் திருமணத்தை ஊக்குவிக்கக் கூடாது என்ற நோக்கம் புரிகிறது. ஆனால் பதினேழில் ஏற்கெனவே கர்ப்பமாக இருப்பவளின் முட்டையையும் பாலையும் குறைப்பதால் எந்தக் கல்யாணம் நின்றுவிடும்? பிக்மி என்ற அரசுக் கர்ப்பப் பதிவின் எண்ணை மட்டும் விட்டுவிடக் கூடாது. வயது எதுவானாலும் பதிவு செய்ய வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் அதை ஒட்டித்தான் வரும்.

படிப்பும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். கர்ப்பமான மாணவியை வெளியேற்ற எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வகுப்பில் உட்காரக் கூச்சமாக இருந்தால் தனித்தேர்வராகவோ தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ எழுதலாம்.

பிள்ளை பிறந்ததும் எல்லோர் கண்ணும் பிள்ளையின் மேல் போய்விடும். அவளைத் திரும்பவும் சந்திக்கக் கிடைக்கும் வாய்ப்பு தடுப்பூசி நாட்கள்: ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம். புதன்கிழமைகளில் சுகாதார நிலையத்தில் பிள்ளையை எடைபோட்டுக் குறித்துக்கொண்டபின், அந்த இரண்டு கேள்விகளையும் அவளிடம் மறுபடி கேட்கலாம். பிரசவத்துக்கு முன் இல்லை என்று சொன்னவளும் அப்போது ஆம் என்று சொல்லக்கூடும்.